பித்தளை மூடி

மானகிரி விலக்கில் இருக்கிற எங்கள் கம்பெனியில் ஸ்பேனர் செய்கிறோம். போன வருஷம் பிரஸ் மெஷின் வீரையா அண்ணனின் இடது கையில் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் சங்கம் வைத்தோம். நான் செயலாளர்; பக்கத்து ஷெட்டில் பிரஸ் ஓட்டுகிறேன். கேட்டில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தோம். முதலாளியின் மச்சான் வந்து பேசிய பேச்சையெல்லாம் வாங்கிக்கட்டிக்கொண்டோம். கடைசியில் ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பட்டன் வைத்தார்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்ட வழியே இல்லை. அன்றைக்குக் குன்றக்குடி முருகன் மலை ஏறி மொட்டை போடாத குறைதான் எனக்கு.

நேற்று டீக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், வீரையா அண்ணன் வலது கையால் ஒரு பட்டனை மட்டும் அமுக்குகிறார். மூன்று விரல் இடது கை அச்சுக்குள் இரும்புத் துண்டை வைத்துவிட்டு வெளியே வருகிறது. மெஷின் இறங்குகிறது.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். இடது பட்டனின் மேல் ஒரு பித்தளை மூடி. அது பட்டனை அமுக்கியே வைத்திருந்தது.

"கிறுக்குப் பிடிச்சிருச்சாண்ணே? மிச்ச விரலும் போகணுமா?"

"கத்தாத தாயி. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா வேலை ஓடல. அன்னன்னைக்கு கணக்கு எட்டலேன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவேங்கிறாரு மேனேஜர். இந்தக் கையோட நான் எங்குட்டுப் போவேன்?"

நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர வரிசையாக எல்லா பிரஸ்ஸிலும் அதே பித்தளை மூடி. ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவிகளா, இதற்கா அத்தனை பேரும் வெயிலில் கிடந்தோம்?

பித்தளையை இவ்வளவு சுத்தமாகக் கடைய லேத்தில் நிற்கிற சாலமனால்தான் முடியும். எங்கள் சங்கப் பொருளாளர். நேராகப் போய் சட்டையைப் பிடித்தேன்.

"ஆபீஸ்காரன்கிட்ட விலை போயிட்டியாடா?"

அவன் பதறிப்போனான். "கர்த்தரே! என்னக்கா இப்படிக் கேக்குறீக? ஆபீஸுக்குத் தெரிஞ்சா என் வேலையில்ல போகும். வீரையாண்ணே அழுதாரு, ஒண்ணு செஞ்சு குடுத்தேன். அப்புறம் எல்லாரும் கேட்டாக. நம்ம சங்கத்து ஆளுகளுக்கு மட்டும்தான் குடுத்தேன். சேராதவன் எவனுக்கும் குடுக்கல."

அதைப் பெருமையாகச் சொன்னான். சட்டையைப் பிடித்த கை தானாக இறங்கியது.

நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான் போல. டிராயரைத் திறந்து ஒரு மூடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"இது உங்களுக்குக்கா. ஓரமெல்லாம் அரம் வச்சு நல்லா ராவியிருக்கேன். மாட்டும்போது விரல்ல கீறிரக் கூடாதுல்ல."