பூமயிலின் இடது கால்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை இல்லை, ஆர்டரின் பேரில் எழுதுவது. ஒரு நிறுவனம் (பெயர் வேண்டாம்) தன் திட்டங்களில் குழுக்களை வழிநடத்தியவர்களைப் பற்றிக் கையேடு ஒன்று போடுகிறது. ஆளுக்கு இரண்டு பக்கம். 'படிப்பவர்களுக்கு உற்சாகம் பிறக்க வேண்டும், முடிவில் வெற்றி வர வேண்டும், கண்ணீர் அளவோடு இருக்கலாம்' என்று மின்னஞ்சல் வந்தது. அளவு எவ்வளவு என்று குறிப்பிடவில்லை.

அதற்காகத்தான் உப்பூருக்குப் பக்கத்துக் கடற்கரைக்குப் போய் ஜெப்சியைப் பார்த்தேன். வயது முப்பத்தொன்று, மீனவர் வீட்டுப் பெண். அழிந்துபோன கடற்புல்லைத் திரும்ப நடும் திட்டத்துக்குக் குழுத் தலைவி. வீட்டுக்கு வந்ததும் இப்படி ஆரம்பித்தேன்:

'ஜெப்சி ஒரு பிறவித் தலை—'

வேண்டாம். படித்தால் என்னைப் பிடித்துக் கடலில் தள்ளிவிடுவாள்.

2

'கிழக்கே கதிரவன் எழ, கடல் பொன்னாக மின்—'

(இதையும் விட்டுவிட்டேன். நான் போனது மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்தது.)

நேராகவே சொல்கிறேன். முழங்கால் ஆழத் தண்ணீரில் குனிந்து, புல் நாற்றை ஊன்றி, மிதந்து போகாமல் கம்பிக் கொக்கி போட்டு அமுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். வாடைக் காற்று தொடங்குவதற்குள் நாற்பது பாத்தி* முடிய வேண்டும். தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும். ஜெப்சிக்குக் கீழே பன்னிரண்டு பேர். ஆறு பேர் மீனவர்கள். அவர்களில் மூத்தவர் இன்னாசி, ஜெப்சிக்கு மாமா முறை. மற்ற ஆறு பேர் திருவாடானைப் பக்கத்திலிருந்து வேனில் வரும் நடவுப் பெண்கள். அவர்களுக்குள் பூமயில் சொன்னால் சொன்னதுதான்.

பெண்கள் வயலில் நடுவது போலவே காலைத் தூக்கி வைத்து, பின்பக்கமாக நகர்ந்து நட்டார்கள். நட்டதை மிதிக்க மாட்டார்கள். மீனவர்கள் முன்னே பார்த்து, காலைத் தரையோடு அரைத்து அரைத்து நடந்தார்கள். மணலுக்குள் திருக்கை மீன் புதைந்து கிடக்கும். மிதித்தால் வால் முள்ளால் குத்திவிடும். உரசிக்கொண்டே போனால் விலகி ஓடிவிடும். இரண்டு கூட்டமும் சின்ன வயதிலிருந்தே அப்படி அப்படித்தான் நடக்கிறது.

இந்தப் பத்தியை மறந்துவிடாதீர்கள். கதை மொத்தமும் இதற்குள்தான் இருக்கிறது.

* பாத்தி என்பது பெண்கள் வைத்த பெயர். திட்ட அறிக்கையில் இருக்கும் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

3

ஜெப்சி சென்னையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். ஆட்களை முடுக்கிவிடப் போட்டியைப் போல ஒரு மருந்து கிடையாது என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். வந்ததும் வராததுமாக ஒரு வெள்ளைப் பலகை வாங்கினாள். இடது பக்கம் ஆண்கள் அணி, வலது பக்கம் பெண்கள் அணி. ஒரு பாத்தி நட்டால் ஒரு பச்சை ஸ்டிக்கர். ஜெயிக்கும் அணியின் படம் நிறைவு விழா பேனரில் வரும்.

பூமயிலுக்கு அந்தப் பேனர் மேல் ஒரு கண். "ரேசன் கார்டுல கூட எம் மூஞ்சி பாதிதான் விழுந்திருக்கு" என்றாள்.

வேலை பறந்தது. கையேட்டுக்காரர்களுக்கு இந்த இடத்தில் முடித்தால் போதும். 'இதிலிருந்து நாம் அறிவது—'

இருங்கள். நாலாம் நாள் இன்னாசி நிமிர்ந்து பார்த்து, "தங்கச்சி, காலைத் தூக்காத. அரைச்சு நட" என்றார்.

"நாங்க மெதுவாப் போகணும், நீங்க முந்திரணும். அப்படித்தான அண்ணே?" என்றாள் பூமயில். பெண்கள் சிரித்தார்கள். கரையில் ஸ்டிக்கரும் கையுமாக நின்ற ஜெப்சியும் சிரித்தாள்.

இன்னாசி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. பூமயிலும் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். ஆண்கள் காலை அரைத்து நடக்கும்போது, நட்ட புல் கொக்கியோடு பிடுங்கிக்கொண்டு மிதந்தது. வேறு சமயமாக இருந்தால் கூப்பிட்டுச் சொல்லியிருப்பாள். இப்போது அது எதிரணிப் பாத்தி.

4

இங்கே எனக்கு என் நாயகி மேலேயே சந்தேகம் வந்தது. கடற்கரையில் பிறந்த பெண்ணுக்குத் திருக்கையைப் பற்றித் தெரியாதா? தெரிந்தவள் ஏன் சிரித்தாள்? அவளைக் காப்பாற்ற ஒரு வரி சேர்த்தேன்: 'இன்னாசி சொன்னது காற்றில் ஜெப்சியின் காதில் விழவில்லை.' ஜெப்சிக்கே அனுப்பிவைத்தேன். அரைமணி நேரத்தில் போன் வந்தது.

"காதுல விழலன்னு எழுதியிருக்கீகளே. நல்லா விழுந்துச்சு."

"உங்க வேலைக்கு எதுவும் ஆயிடக் கூடாதேன்னுதான்..."

"எனக்கு அப்ப ஸ்டிக்கர்தான் கண்ணுல இருந்துச்சு சார். அதை அப்படியே எழுதுங்க. இல்லாட்டி என்னைய எழுதாதீக."

அப்படியே எழுதுகிறேன். எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

5

ஆறாம் நாள் காலை பத்து மணி. பூமயில் அலறவில்லை. "ஆத்தீ" என்று ஒரு சொல், அவ்வளவுதான். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். இடது கால்.

இன்னாசி கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். ஐம்பது வருஷப் பழக்கத்தை மறந்து, காலைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஓடி வந்தார். கரைக்குத் தூக்கிப் போய், திருக்கை விஷம் சூட்டில்தான் அடங்கும் என்று, டீ போட வைத்திருந்த வெந்நீரைப் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றச் சொல்லி, காலை அதற்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். ஜெப்சி பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினாள். பிறகு ஆஸ்பத்திரி.

மறுநாளிலிருந்து பெண்கள் வேனில் ஏறவில்லை. "அவுக இல்லாம நாங்க மட்டும் எதுக்கு?" என்று ஆண்களும் இறங்கவில்லை. பதினெட்டுப் பாத்தி மிச்சம். வாடைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

6

மூன்று வாரம் கழித்து ஜெப்சி பூமயிலின் வீட்டுக்குப் போனாள். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதத்தில் ஜெப்சி ஒரு பேச்சுப் பேசுகிறாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறார்கள். கையேட்டுக்கு ஏற்றது, சுத்தப் பொய்.

இரண்டாவதில் பூமயில் கதவைச் சாத்துகிறாள். எழுதிய எனக்கே மனசு கேட்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இது. ஜெப்சி அந்த வெள்ளைப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, மாமா சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சிரிச்சேன்."

பூமயில் நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவுக பாத்தில புல்லு மெதந்துச்சு. நானுந்தான் பாத்தேன். நானுந்தான் சொல்லல" என்றாள் கடைசியில். "அந்தப் பலகைக்கு இனிமே வேலை இருக்கா மேடம்?"

"இல்லக்கா."

"அப்ப இங்கன வச்சுட்டுப் போங்க. கோழிக்கூட்டுக்குக் கதவு இல்ல."

ஜெப்சி வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "நாங்க பின்பக்கமாத்தான நகருவோம்? எங்க முதுகுக்கு அங்கிட்டு, நடாத எடத்துல, அந்த அண்ணன் மொதல்ல அரைச்சுட்டுப் போகட்டும். திருக்கையும் ஓடிரும், நட்டதும் பிடுங்காது." கொஞ்சம் பொறுத்து, "நான் வாரேன்னு சொல்லல" என்றும் சொன்னாள்.

சென்னைப் பயிற்சியில் இது இல்லை.

7

திங்கட்கிழமை வேன் வந்தது. ஐந்து பெண்கள் இறங்கினார்கள். ஆறாவதாகப் பூமயில், கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக.

தண்ணீரில் இன்னாசியும் மற்றவர்களும் வரிசையாகக் காலை அரைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் ஜெப்சி பேசுவதற்காக நான் நாலு வரி எழுதி வைத்திருந்தேன். அவள் பேசவே இல்லையாம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களோடு இறங்கி, அவளும் அரைத்திருக்கிறாள்.

பூமயில் தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நல்லா அரைச்சீகளா?"

"ரெண்டு தடவ அரைச்சாச்சு தங்கச்சி."

"நீயி, தாயி?" 'மேடம்' என்ற சொல் அன்றைக்குக் காணாமல் போயிருந்தது.

"நானும் அரைச்சேன்க்கா."

பூமயில் இடது காலைத் தூக்கினாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எத்தனை பாத்தி முடிந்தது என்பது அறிக்கையில் இருக்கும், வேண்டுபவர்கள் வாங்கிப் படிக்கலாம். ஜெப்சி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள், இன்னாசி இரண்டு தடவை அரைத்துவிட்டார், என் கையிலும் இனி ஒன்றும் இல்லை. அந்த மணலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவர்கள் இருவர் சொல்தான் இருக்கிறது. அதை நம்பிக் காலை வைப்பதா, வேனுக்குத் திரும்புவதா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் சீக்கிரம் எழுதுங்கள். பாவம், ஒற்றைக் காலில் நிற்கிறாள்.