மூன்றாம் பக்கத்து நிபந்தனை

துறையில் அவளுக்கு ‘அஞ்சு பக்கம்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. புள்ளியியல் பேராசிரியையாக அவள் மாய்ந்து மாய்ந்து எழுதிய தடித்த புத்தகத்தை மேற்கோள் காட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் பாதிப் பேர் அவளுடைய மாணவர்கள். உலகம் சுற்றியது என்னவோ, மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கொழுந்தனுக்காக இளவயதில் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரைதான். அங்கே மாத்திரையை எடைபோடும் இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும். சில எடைகள் பதிவாகாமல் போகும். கையில் இருக்கும் எடைகளைக் கொண்டு, விட்டுப்போனவற்றையும் சேர்த்துச் சராசரி காண்பது எப்படி என்று அதில் சொல்லியிருந்தாள். மீன் ஆராய்ச்சிக்காரர்கள், தூக்க மருத்துவர்கள், பல் டாக்டர்கள், சாலை விபத்தை ஆராய்பவர்கள் என்று ஆளாளுக்கு அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் துறைத் தலைவர் அவள் அறைக்கே வந்தார். அவளைவிட வயதில் சின்னவர்.

“மேடம், அடுத்த மாசம் உங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம். எந்தெந்தத் துறையில உங்க கட்டுரை போய்ச் சேர்ந்திருக்குன்னு படம் போட்டு அரை மணி நேரம் பேசிடுங்க, போதும்.”

பேசுவதற்காகத்தான், தன் கணக்கைக் கையாண்ட மற்றவர்களின் கட்டுரைகளை அவள் முதன்முதலாக எடுத்துப் படித்தாள். ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது. போகப்போகப் பக்க ஓரங்களில் கேள்விக்குறி போட ஆரம்பித்தாள். மூன்றாம் பக்கத்தில் அவள் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்: அளவு விட்டுப்போன காரணத்துக்கும் அளக்கப்படும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. இயந்திரம் மாத்திரையின் எடையைப் பார்த்துப் பழுதாவதில்லை. ஆனால் குளத்தில் காணாமல் போவது நோஞ்சான் மீன். தூக்க மருந்து ஆய்விலிருந்து பாதியில் விலகுவது தூக்கம் வராதவர். அங்கெல்லாம் இந்தக் கணக்கு எப்படி நிற்கும்?

சாயங்காலம் கணவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க, ஊர்ப்பட்ட பேரு என் பேரைச் சொல்லித் தப்புத் தப்பாக் கணக்குப் போட்டிருக்காங்க.”

“நீதான் மூணாம் பக்கத்துல எழுதி வெச்சிருக்கியே.”

“எழுதினா ஆச்சா? யாரு படிக்கிறா?”

“அப்ப யாரையாவது கூப்பிட்டுக் கேளு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இங்க உக்காந்திருந்தா அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

மறுநாள் காலையில், அந்தக் கணக்கை அதிகமாகக் கையாண்டிருந்த மீன் ஆராய்ச்சியாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். பேசியது ஒரு பெண். பேரைச் சொன்னதும், இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். நீங்க காலமாகிட்டீங்கன்னு நினைச்சிட்டிருந்தோம். கட்டுரை அவ்வளவு பழசு.”

“இன்னும் இல்லம்மா. அந்த மூணாம் பக்கம்…”

“தெரியும் மேடம். எங்களுக்கும் அந்த பயம் இருந்துச்சு. அதனால ஒரு குளத்தை இறைச்சு, இருந்த மீனை எல்லாம் எடைபோட்டுப் பாத்தோம். உங்க கணக்கு கிட்டத்தட்ட சரியாவே வந்துச்சு. ஏன்னுதான் புரியல.”

அவளுக்கும் புரியவில்லை. திட்டுவதற்கென்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“வலையில எதெல்லாம் சிக்காது?”

“குட்டி மீனு வலைக் கண்ணி வழியா நழுவிடும். ரொம்பப் பெரிய மீனு வலைக்கு மேல எகிறிப் போயிடும்.”

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டு ஓரத்திலும் விட்டுப்போகிறது. ஒரு பிழை இன்னொன்றைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் சராசரி நகரவில்லை. தூக்க ஆய்வில் அப்படி இல்லை. அங்கே விலகுவது ஒரு ஓரத்து ஆட்கள், தூக்கம் வராதவர்கள் மட்டும்தான்.

பாராட்டுக் கூட்டத்தில் அவள் படம் எதுவும் காட்டவில்லை. எங்கே தன் கணக்கு நிற்கிறது, எங்கே சரிகிறது என்று அரை மணி நேரம் சொன்னாள். துறைத் தலைவர் முகம் சுருங்கிவிட்டது. “பாராட்டுக் கூட்டத்துல இதெல்லாம் தேவையா மேடம்?” என்று வெளியே வந்ததும் கேட்டார். “வேற எந்தக் கூட்டத்துக்கு இத்தனை பேர் வருவாங்க?” என்றாள்.

அவளும் மீன்காரப் பெண்ணும் சேர்ந்து எழுதியதைப் புள்ளியியல் இதழ் ‘மீனுக்கு மட்டுமே பொருந்தும்’ என்று திருப்பி அனுப்பியது. மீன் இதழ் போட்டது. அதில் தூக்க ஆய்வைப் பற்றி இருந்த பத்தியை எப்படியோ படித்துவிட்டு ஒரு தூக்க மருத்துவர் கடுகடுவென்று வந்து சேர்ந்தார்.

“எங்க மருந்து வேலை செய்யலைன்னு சொல்றீங்களா?”

“நான் அப்படிச் சொல்லல டாக்டர். பாதியில போனவங்களைத் தேடிப் புடிச்சுக் கேளுங்க.”

முணுமுணுத்துக்கொண்டேதான் போனார். ஆனாலும் தேடினார். கிடைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தூக்கம் முன்னைப்போலவே மோசம். மருந்துக்குப் பலன் இருந்தது. முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. அடுத்த வருடம் அவரே திருத்தம் வெளியிட்டார். அதில் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்து நிபந்தனையை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தார். அவள் அதைக் கணவரிடம் இரண்டு முறை வாசித்துக் காட்டினாள்.