பெட்டிக் கதை

என் வீட்டுக்காரருக்குச் சொல்லத் தெரிந்த கதை ஒன்றே ஒன்றுதான். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பி வடமுமாக நிற்கிற மனிதரிடம் வாய்ஜாலத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த ஒரு கதைக்கு எங்கள் மாதாகோயில் பங்கில் அவர் வாங்கியிருக்கிற கைதட்டலை, பிரசங்கத்துக்குப் பேர்போன சாமியார்கள்கூட வாங்கியதில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில் தம்பதியர் கூட்டம் நடக்கும். புதிதாகக் கட்டிக்கொண்டவர்கள், கட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எல்லாரும் வருவார்கள். ஒரு ஜெபம், ஒரு பேச்சு. பிறகு ஒவ்வொரு ஜோடியும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே உட்கார்ந்து, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை நடத்துகிறவர்கள் நாங்கள் இருவரும். நடத்துகிறவர்கள் என்பதால் நாங்கள் ஒருநாளும் நாற்காலியைத் திருப்பிப் போட்டதில்லை. அவர்கள் பேசும்போது நான் டீ ஊற்றுவேன், அவர் மைக் வயரைச் சுருட்டுவார்.

கதை இதுதான். அவர் வாயாலேயே கேளுங்கள்.

"கல்யாணமான புதுசு. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டேன். ஒரே ஒரு வார்த்த! அம்மா வீட்டுக்குப் போறேன்னு பெட்டியக் கட்டிட்டா. சரி, நாமளே கொண்டுபோய் விட்டா மரியாதையா இருக்கும்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெட்டியத் தூக்கிட்டுப் போனேன். பஸ் வந்துச்சு. ஏறி, இடம் பிடிச்சு, பெட்டிய மேல வச்சுட்டுத் திரும்புறேன், பஸ் கெளம்பிருச்சு. நான் உள்ள, இவ ரோட்டுல! கோவிச்சுக்கிட்டது இவ, மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேந்தது நான்!"

மண்டபம் குலுங்கும். "அன்னைலேருந்து உப்பு டப்பா எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும், போய் எடுத்துக்குவேன்" என்று முடிப்பார். நானும் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பேன். அது என் பங்கு. பெரியவர்கள் எங்களைப் பெட்டி அண்ணன், பெட்டி அக்கா என்பார்கள். சின்னதுகள் பெட்டி மாமா, பெட்டி மாமி. இன்னொரு கேலியும் உண்டு. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "இந்தாம்மா" தான். பெண்டாட்டி பெயரே மறந்துபோச்சா அண்ணே என்று கேட்டால் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்.

கல்யாணமான புதிதில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். கதையில் பஸ் உண்மை, பெட்டி உண்மை, என் அம்மா வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் பெட்டியோடு திரும்பி வந்ததும் உண்மை. உப்புதான் பொய்.

எங்கள் மூத்த பிள்ளை மகள். நாள் நிறையுமுன்னே, அவசரமாகப் பிறந்தாள். எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். நான் கண் விழித்தபோது அவள் இல்லை. முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. இவரும் பங்குச் சாமியாரும் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். உடம்பு தேறி நான் கல்லறைக்குப் போனபோது, ஒரு சின்ன மரச்சிலுவை மட்டும் நின்றது. அதில் பெயர் இல்லை.

பெயருக்காக மாதக்கணக்கில் சண்டை போட்டவர்கள் நாங்கள். அவருக்கு அவர் அம்மா பெயர், எனக்கு என் பாட்டி பெயர். கடைசியில் சிலுவையில் எந்தப் பெயரும் இல்லை. பெயர் இல்லையென்றால் ஞானஸ்நானம் இல்லை. தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் என் பிள்ளை போய்விட்டாள் என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கடவுள் பிள்ளைகளைக் கைவிடமாட்டார் என்று எந்தச் சாமியாரும் சொல்வார், எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, பெற்ற வயிறு கேட்கவில்லை.

அவர் வாயைத் திறக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அந்த மௌனம் தாங்காமல்தான் பெட்டியைக் கட்டினேன். பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள். யாரோ ஒருநாள் பஸ் விஷயத்தைக் கேட்க, அவர் உப்பு என்றார். அப்பாடா என்று நானும் அந்த உப்பைப் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் கூட்டத்தன்று காலையில் பங்குத்தந்தை ஃபோன் செய்தார். சின்ன வயசுக்காரர், என்னை அக்கா என்பார்.

"அக்கா, இன்னைக்கு ஒரு புது ஜோடி வருது. பொண்ணு டீச்சர், பையன் வேன் ஓட்டுறான். பிரசவத்துல குழந்தை தவறிடுச்சு. அதுலேருந்து ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. நாளைக்கு அவ அம்மா வீட்டுக்குப் போறா, திரும்பி வரப் போறதில்லைன்னுட்டா. கால்ல விழாத குறையா ஒரே ஒரு கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கேன். அண்ணன பெட்டிக் கதைய சொல்லச் சொல்லுங்க. கொஞ்சம் சிரிக்கட்டும்."

வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னைக்குப் பெட்டிக் கதை வேண்டாங்க."

"எனக்கு வேற என்னம்மா தெரியும்?"

"அந்தப் பொண்ணு முன்னாடி உப்புன்னு சொல்லாதீங்க. என்னால சிரிக்க முடியாது."

அவர் பளபளவென்று இருந்த ஷூவையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனா மரமா என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன்.

மாலையில் அந்த ஜோடி கடைசி வரிசையில் உட்கார்ந்தது. நடுவில் ஒரு காலி நாற்காலி, அதன்மேல் டீச்சரின் கைப்பை. பையன் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்ததுமே முன்வரிசை ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, பெட்டி! பெட்டி!"

அவர் மைக்கைப் பிடித்தார். நான் டீப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று அவரை முறைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை.

"கல்யாணமான புதுசு. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு..."

சிரிப்பு கிளம்பிவிட்டது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்று திரும்பினேன். அப்போது அவர் நிறுத்தினார். மைக் கெட்டுப்போச்சா என்று யாரோ எழுந்து பார்த்தார்கள்.

"உப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "இவ என்னைக்கும் உப்பு குறைச்சுப் போட்டதில்ல. எங்க பொண்ணு செத்துப்போச்சு. அதான் சண்ட."

அவர் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இவளுக்கு உள்ள ஆபரேஷன் நடக்குது. நர்ஸம்மா பிள்ளைய துணியில சுத்திக் கொண்டாந்து, ரொம்ப நேரம் தாங்காது, நீங்க வேதக்காரங்கதானே, ஞானஸ்நானம் குடுக்கிறதுன்னா இப்பவே குடுங்க, சாமியார் வர்ற வரைக்கும் நிக்காதுன்னாங்க. நானான்னேன். யார் வேணும்னாலும் குடுக்கலாம்னாங்க. ஒரு டம்ளர்ல குழாத்தண்ணி பிடிச்சுக் குடுத்தாங்க. இந்தக் கை, கிரீஸ்கூடப் போகல. பேரச் சொல்லி ஊத்துங்கன்னாங்க."

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.

"எங்கம்மா பேருக்காக அத்தனை சண்டை போட்டேன், அது ஞாபகம் வரல. இவ சொன்ன பேரும் வரல. உள்ள இவ பிழைக்கணுமேங்கிறது ஒண்ணுதான் மண்டையில ஓடுது. வாயில வந்தது இவ பேரு. இவ பேரச் சொல்லித்தான் பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனேன்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்ச நேரத்துல பிள்ள போயிருச்சு. சிலுவையில என்ன பேரு எழுதன்னு கேட்டாங்க. இவ உள்ள கண்ணத் தொறக்கல. இவ பேர எப்படிங்க சிலுவையில எழுதச் சொல்லுவேன்? வேண்டாம், சும்மா விடுங்கன்னுட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பேர வாயில எடுத்தாலே எனக்கு உசுரு நடுங்கும். இந்தாம்மா, இந்தாம்மான்னே ஓட்டிட்டேன். பேரத் தப்பா வச்சுட்டேன்னு தெரிஞ்சா இவ என்ன மன்னிக்க மாட்டாளோன்னு பயம். அதான் சொல்லல."

எப்படி நடந்து போனேன் என்று தெரியவில்லை. அவர் முன்னால் போய் நின்றேன். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம் எனக்கு வரவில்லை.

"பிள்ளைக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்துனேன்மா."

"ஊத்தலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேங்க. இத்தனை வருஷமா அப்படித்தாங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, கேட்டிருக்கக் கூடாதா?"

"நீங்க சொல்லியிருக்கக் கூடாதா?"

பங்குத்தந்தை இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து எதிரெதிரே போட்டார். முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். நான் அழுதேன், அவரும் அழுதார். என் மனதில் அத்தனை காலம் கிடந்த பாரம் இறங்கியதை அங்கேயே, அந்த நாற்காலியிலேயே உணர்ந்தேன். "முகம் யாரு மாதிரி இருந்துச்சு?" என்று கேட்டேன். "உன் மூக்கு. காது மட்டும் என்னோடது, பாவம்" என்றார். அவர் காது விசிறிக்காது. அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று டீயை யார் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. எழுந்து பார்த்தபோது எல்லா நாற்காலிகளும் திரும்பியிருந்தன, கடைசி வரிசையிலும். கைப்பை தரையில் கிடந்தது. டீச்சர் பையனிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"நீ பாப்பாவத் தூக்குனியா?"

"தூக்குனேன். நீ கேக்கவே இல்லியேன்னு..."

"சொல்லு. எப்படி இருந்தா, எல்லாத்தையும் சொல்லு."

அவர்கள் வீடு சரியாகிவிட்டது என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. அவள் அடுத்த நாள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை, அவ்வளவு தெரியும். இந்த மாதக் கூட்டத்துக்கும் வந்திருந்தார்கள், நடுவில் காலி நாற்காலி இல்லாமல்.

போன மாதக் கூட்டம் முடிந்த அந்த வாரமே அவர் பட்டறையில் இரும்புச் சிலுவை ஒன்றைப் பற்றவைத்து, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார். பரண்மேல் கிடந்த அந்தப் பழைய பெட்டியை இறக்கித் துடைத்து, சிலுவையையும் கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் அதில் வைத்தேன். முன்பு நாங்கள் குடியிருந்த ஊருக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பஸ் வந்து நின்றதும் அவர் பெட்டியோடு ஒதுங்கி நின்றார்.

"நீ முதல்ல ஏறு தாயே. எனக்கு ஒரு தடவ பட்டது போதும்."

கல்லறையில் மரச்சிலுவை எப்போதோ மக்கிப்போயிருந்தது. ஆனாலும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. புல்லைப் பிடுங்கி, குழி தோண்டி, இரும்புச் சிலுவையை நட்டார். நான் பிரஷ்ஷை எடுத்ததும் டப்பாவைத் தூரத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாமே. உயிரோட இருக்கிறவ உன் பேர நீயே சிலுவையில எழுதுறதா?"

"என் பேரு இல்லங்க. அவ பேரு. டப்பாவக் குடுங்க."

கொடுத்தார். நிதானமாக எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் பற்றாமல் கொஞ்சம் நெருக்கி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடித்து இருவரும் ஜெபம் சொன்னோம். பெயின்ட் காயும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பலாம் என்று நான் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மெதுவாக, உடைந்துவிடுமோ என்பது மாதிரி. திரும்பிப் பார்த்தேன். அவர் சிலுவையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை கூப்பிட்டார்.

"என்னங்க" என்றேன்.