மற்றும் அறுவர்

1984 செப்டம்பரில், மலையேறி வந்த பஸ்ஸில் குண்டு வெடித்து ஏழு பேர் செத்தார்கள். வைத்தவர்கள் அந்நியர்கள் இல்லை, நம் மாநிலத்து ஆட்கள்தான். துண்டு நோட்டீஸ்கூட நல்ல தமிழில் அடித்திருந்தார்கள். செத்தவர்களில் ஒருவர் முன்னாள் எம்.எல்.ஏ. அதனால் சட்டசபைக்கும் தூக்கம் கலைந்தது.

கண்டனத் தீர்மானத்தில் "வன்மையாக" என்று போடுவதா, "மிக வன்மையாக" என்று போடுவதா என்று ஒன்றரை மணி நேரம் சண்டை. "மிக" வென்றது. எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்து, மௌன அஞ்சலிக்கு மட்டும் உள்ளே வந்து, இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, மறுபடி வெளிநடப்புச் செய்தது. துக்கம் தாங்காமல் சபை அன்றைக்கு லீவு விட்டுக்கொண்டது.

தீர்மானத்தின் நகலுக்குக் கண்ணாடி போட்டு, எங்கள் எம்.எல்.ஏ. குழந்தைவேல், மலைமேல் எங்கள் ஊரான நாயுடுபுரத்துக்கே எடுத்து வந்தார். செத்தவர்களில் மிஷன் பங்களா சமையல்காரர் உபகாரம் எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர். நான் கோவில் உபதேசியார் என்பதால் வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முன்னாள் எம்.எல்.ஏ.வின் பெயர், பட்டம், சிறை சென்ற ஆண்டு எல்லாம் இருந்தன. அப்புறம், "மற்றும் அறுவர்".

"எங்க வீட்டுக்காரரு பேரு எங்கிட்டுங்க கெடக்கு?" என்று கேட்டாள் உபகாரத்தின் மனைவி அமலி.

"அறுவர்ல அவரும் இருக்காரும்மா," என்றார் குழந்தைவேல்.

"பேரச் சொல்லாம அழுதா, யாருக்கு அழுவுறீங்கன்னு எப்படிங்க தெரியும்? அவரு பேர ஒரு தடவ அங்க சொல்லச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சபை நிறைவேத்துனதும்மா. ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உபதேசியார் கோபப்பட்டால் பங்குச் சாமியார் கோபப்படுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். இறந்தவர் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், கல்லறைத் தோட்டத்தில் எழுதியது எழுதியபடி நான் வாசிப்பது எங்கள் பங்கின் வழக்கம். அன்றைக்கு முந்நூறு பெயருக்கு மேல் இருந்தது. பனியில் நின்று ஜனம் முழுக்கக் கேட்டது. தேர்தல் நெருங்கியதால் குழந்தைவேலும் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அமலியின் சீட்டு வந்தது. மலையடியில் அய்யம்பாளையத்திலிருந்து மலைமேல் போளூர் வரை அலைந்து விசாரித்து எழுதியிருந்தாள்.

"உபகாரம். சூசையம்மாள். வேலப்பன். பொன்னுவேல். கந்தவேல். சிவபாக்கியம். மற்றும் ஒருவர்."

சத்தமாகவே வாசித்தேன்.

குழந்தைவேல் எழுந்தார். "உபதேசியாரே, முன்னாள் எம்.எல்.ஏ. ஐயா பேரு விட்டுப்போச்சே."

"எழுதி வந்ததுங்க. ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது. அந்த ஒருவர்தாங்க ஐயா."

அவர் உட்கார்ந்துவிட்டார். கல்லறைத் தோட்டத்தில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

ஜெபம் முடிந்ததும் அமலியிடம் போனேன். உபகாரத்தின் கல்லறையில் ஏழு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாத் திருப்பிக் குடுத்தம்மா," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அந்த ஐயா பேர காலையில வெள்ளனே வந்து ஆண்டவர்ட்ட நானே சொல்லிட்டேங்க. அவரும் செத்துத்தான போனாரு."