கையில்லாச் சட்டை

மண் கரைத்த தண்ணீர் ஜம்புலிங்கத்தின் கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது. தசரதன் பாலாடைச் சங்கைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தான். மூச்சு வந்தது.

"போவலியே," என்றான்.

"காசு ஒரசி ஊத்தினியா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அன்னம்மாள்.

"காலைலயே ஊத்தியாச்சு. இப்ப நம்ம நெலத்து மண்ணும் ஊத்தியாச்சு. இன்னும் இன்னா தான் வோணுமாம் நைனாவுக்கு?"

"எது மேலயோ ஆசை ஒட்டிகினு கீது. அது தீர்ற வரிக்கும் இழுத்துகினு தான் கெடப்பாரு."

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பூங்காவனம் பின்னிக்கொண்டிருந்தாள். இளைய மருமகள். அவள் புருஷன் வரதன் பட்டாளத்தில் இருந்தான். சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைப் பற்றித் தகவல் இல்லை. பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்தில் பட்டாளத்துக்காரர்களின் மனைவிமாருக்குக் காக்கிக் கம்பளி நூலும் ஒரு கொக்கி ஊசியும் கொடுத்தார்கள். டீச்சரம்மா ஒரே ஒரு பகல் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கையில்லாத சட்டை. பூங்காவனம் பின்னும் முதல் உடுப்பு. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்பது தெரியாமலே அதை ஆரம்பித்திருந்தாள்.

அன்னம்மாள் குனிந்து கிழவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பார்வை போகிற பக்கம் திரும்பினாள்.

"யே, இங்க பாருங்க. கண்ணு எங்க போவுதுன்னு."

எல்லோரும் பார்த்தார்கள். ஜம்புலிங்கத்தின் கண்கள் காக்கி நூலின் மேல் இருந்தன.

"சட்டை மேல தான் ஆசை. அத்த முடிச்சு மாட்டி உட்டுட்டா நிம்மதியா போயிடுவாரு."

இருக்கலாம். மார்கழி பிறந்ததும் குளிர்ஜுரம் வந்தபோது அவரே கேட்டிருந்தார். "அவன் வந்தா அவனுக்கு. அது வரிக்கும் நான் போட்டுக்கறேன்மா."

"எப்ப முடியும்?" என்று தசரதன் கேட்டான். அவன் அவளிடம் நேராகப் பேசுவது அபூர்வம்.

"கக்கத்துகிட்ட தப்பு வருது," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

தசரதனின் மனைவி நாகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இவ பின்ற வேகத்துக்கு மாமா நூறு வயசு இருப்பாரு."

அன்னம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

முந்தாநாள் இதே நாகவல்லிதான் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "மாமா போனப்புறம் நீ வேப்பம்பட்டுக்குப் போயிடு. உங்கண்ணன் ஊட்ல இரு. உன் ஊட்டுக்காரு வந்தாருன்னா அங்க வந்து கூட்டினு போவட்டும்." 'வந்தாருன்னா' என்பதை மட்டும் அழுத்திச் சொன்னாள். பேச்சும் நினைவும் இருந்தவரை ஜம்புலிங்கம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் கீற வரிக்கும் அவ இங்க தான் இருப்பா என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். தான் இல்லாத பிறகு என்ன என்பதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

வேப்பம்பட்டு அண்ணி சோற்றைப் போட்டுவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்ப்பவள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வரதன் ஒருநாள் வேலப்பன்சாவடியில் லாரியை விட்டு இறங்கி இந்த வாசலுக்கு வருவான். தான் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற இடத்தில் அவளுடைய யோசனை ஒவ்வொரு முறையும் நின்றுவிடும். தன்னை இங்கிருந்து அனுப்புவது அவனைச் செத்தவன் கணக்கில் சேர்ப்பதுதான் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும்.

தப்பு வந்தது பொய்யில்லை. கக்கம் வரை வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பின்னியபோது எல்லாம் சரியாக இருந்தது. கை நுழைய வழி விட்டு, முன்பக்கம் தனி, பின்பக்கம் தனி என்று பிரித்து, போய்த் திரும்பிப் போய்த் திரும்பிப் பின்னத் தொடங்கியதும் குறுக ஆரம்பித்தது. ஒவ்வொரு வரிசைக்கும் ஓரத்தில் பின்னலின் ஒரு கண் காணாமல் போயிற்று. கை இறுகுகிறதோ என்று நூலைத் தளர விட்டாள். ஓட்டை ஓட்டையாக விழுந்தது. நடுவில் ஒரு கண்ணைக் கூடுதலாகப் போட்டாள். அந்த இடம் கட்டி வந்ததுபோல் புடைத்தது. அவிழ்த்தாள்.

அளவு பார்ப்பதற்காகக் கிழவரின் மார்பில் விரித்தாள். ஓரம் இரண்டு பக்கமும் சரிந்து மேலே கூம்பியது. நகத்தால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனாள். வரிசை திரும்பும்போது மேலே ஏறுவதற்காகச் சங்கிலி போடுகிறாளே, அது ஒவ்வொரு முனையிலும் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. அதை ஏறும் படி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதுவும் ஒரு கண். திரும்பி வரும்போது அதற்குள்ளும் ஊசியை விட வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் திரும்பியிருக்கிறாள். வட்டத்தில் முனையே இல்லாததால் தெரியவில்லை.

சங்கிலிக்குள் ஊசியை விட்டு ஒரு வரிசை போட்டாள். ஓரம் நேராக நின்றது. இன்னொன்று. நேர்.

இனி மதியத்துக்குள் முடித்துவிடலாம்; முடித்தால் அவர் போய்விடுவார், பிறகு வேப்பம்பட்டு.

ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தாள். இரண்டு வரிசையும் மடமடவென்று பிரிந்து மடியில் விழுந்தன.

"நல்லா தான இருந்திச்சு? ஏன் அவுக்கற?" நாகவல்லி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"ஓரம் இழுக்குது கா."

"எனக்கு ஒன்னும் இழுக்கல."

கிழவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அவிழ்த்தபோது அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. எலி கொறிப்பதுபோல. திரும்பினாள். ஜம்புலிங்கத்தின் மிச்சமிருந்த பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன. மேலே இரண்டு போர்வை, அதன் மேல் ஒரு கோணி. கையை உள்ளே விட்டு அவர் பாதத்தைத் தொட்டாள். கிணற்றடிக் கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொல்கிறார் என்று புரிந்துகொள்ள அன்னம்மாள் தேவையில்லை. ஆசை, பாசம் ஒன்றுமில்லை. குளிருகிறது. அவ்வளவுதான்.

பூங்காவனம் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஊசியை எடுத்தாள். சங்கிலி, கண், கண், முனைச் சங்கிலிக்குள் ஒரு கண், திருப்பு. பிறகு அவள் அவிழ்க்கவில்லை. அவசரத்தில் சில கண்கள் பெரிதாக விழுந்தன. விட்டுவிட்டாள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தோளில் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

"ஆச்சு," என்றாள்.

தசரதன் அப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அவள் கைகளை ஒவ்வொன்றாக நுழைத்துச் சட்டையை இடுப்பு வரை இழுத்துவிட்டாள். படுக்க வைத்தார்கள். சற்று நேரத்தில் பல் அடிப்பது நின்றது. முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட வந்தது. கஞ்சி கேட்பாரோ என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்பில் கஞ்சி இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தாள்.

ஆவடிப் பக்கம் போகும் பட்டாளத்து லாரிகள் ரோட்டில் வரிசையாகப் போயின. பானைமேல் வைத்த தட்டு தடதடத்தது. கடைசி லாரியும் போய்த் தட்டு அடங்கியபோது, அறையில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

தசரதன் விரலை நீட்டிப் பார்த்தான்.

"நான் சொல்லல?" என்றாள் அன்னம்மாள். சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

கரையான்சாவடியிலிருந்து பங்காளிகள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. குளிப்பாட்ட வாசலில் கட்டிலைப் போட்டார்கள். உடம்பு விறைத்திருந்தது. கைகள் இரண்டும் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தலை வழியாகச் சட்டையைக் கழற்றப் பார்த்து முடியாமல், தசரதன் கத்திரி கேட்டான்.

"வெட்டாதீங்க," என்றாள் பூங்காவனம்.

"கை மடங்க மாட்டேங்குது. பின்ன எப்டி கழட்டறது?"

"தோள்ல அவுத்தா போதும்."

அவள் குனிந்து, தான் மதியம் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பினாள். இறுகியிருந்தது. பெண்கள் குடங்களோடு சுற்றி நின்றார்கள்.

"அவுக்கறதும் மெதுவா தானா?" என்றாள் நாகவல்லி. பிறகு குரலைத் தணித்து, "காரியம் முடிஞ்ச மறுநாளு எங்கூட்டுக்காரு வேப்பம்பட்டுக்கு வண்டி பூட்டறாரு. சாமானெல்லாம் எடுத்து வெச்சுக்கோ," என்றாள்.

ஒரு தோள் பிரிந்தது. பிறகு மற்றது. கைகள் விடுபட்டன. இடுப்பு வழியாகக் கீழே இழுத்துக் கால் வழியாகச் சட்டையை உருவி எடுத்தாள். அதில் இன்னும் அவர் உடம்பின் வளைவு இருந்தது.

"பொணத்து மேல இருந்தது. கூடவே வெச்சு எரிச்சுடு," என்றாள் அன்னம்மாள்.

பூங்காவனம் சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அவிழ்த்த தோளில் ஒரு கண் திறந்து நின்றது. லேசாக இழுபட்டால் போதும், முழுதும் பிரிந்துவிடும். அவள் தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்தக் கண்ணுக்குள் விட்டுப் பூட்டினாள். சட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீர்க் குடத்துக்குக் கை நீட்டினாள்.