முதலாளியின் உண்ணாவிரதம்

என் நாத்தனார் லாரி ஓட்டுகிறார். நான் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பது ஒரே ஒரு ஆள். அவருக்குத் தம்பி, எனக்குப் புருஷன். பாவம், இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

நாத்தனாரிடம் ஒரு நாய் உண்டு. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். லாரியின் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் தன்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் போலப் பார்க்கும். பெண் நாய்தான், ஆனால் பெயர் முதலாளி.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு நாத்தனார் இரண்டு முறை மனுப் போட்டார், இரண்டு முறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது முறை இடம் கிடைத்தது. ஆறு வாரம், அங்கேயே தங்க வேண்டும், நாய்க்கு அனுமதி கிடையாது. முதலாளியை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். முதலாளி நேராகச் செருப்பு அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்து, உண்ணாவிரதத்தைத் தொடங்கியது.

தண்ணீர் குடிக்கும். தட்டில் வைத்ததில் நாலு வாய், அதுவும் எங்கள் முகத்துக்காக. பிஸ்கட், கடையில் விற்கிற நாய்த் தின்பண்டம் எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. வரும்போது பதினெட்டு கிலோ. நாலாவது வாரம் பதினாறே முக்கால். கால்நடை மருத்துவர் கையை விரித்தார். "உடம்புல ஒரு கோளாறும் இல்லைம்மா. ஏக்கம்தான். பதினாறுக்குக் கீழ போச்சுன்னா டிரிப்ஸ் போடணும்."

அதை மறைக்காமல் போனில் நாத்தனாரிடம் சொன்னேன்.

"அவ என் கையாலதான் வாங்கித் திம்பா. அவ்வளவு தூரம் விடமாட்டேன், நானே கிளம்பி வந்துடறேன்," என்றார். "கிரேன் எங்க ஓடிடப் போகுது?"

ஓடித்தான் போகும். பாதியில் விட்டவரை நாலாவது முறை யார் கூப்பிடுவார்கள்? அது அவருக்கும் தெரியும்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றாடம் மயக்கத்தில் கிடக்கிறவர்களைக் கண் விழிக்க வைக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஒரு நாயை வாய் திறக்க வைக்க முடியாதா? கடைத் தின்பண்டம் பிடிக்கவில்லையா, நானே செய்கிறேன். உணவை உலர்த்தும் மெஷின் ஒன்று, ஐந்து அடுக்குத் தட்டோடு, மறுநாளே வீட்டுக்கு வந்து இறங்கியது.

கோழி நெஞ்சுக்கறியை அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்தால் விறைத்துக்கொள்ளும், காகிதம் போலச் சீவலாம். ஆவியில் வேகவைத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் அடுக்கி, மெஷினுக்குள் தள்ளினால் ஏழெட்டு மணி நேரம். உப்பு, காரம் எதுவும் கூடாது. தலையில் தொப்பி, வாயில் மாஸ்க், கையில் உறை, அடுக்குவதற்கு இடுக்கி என்று நான் நின்றதைப் பார்த்து என் வீட்டுக்காரர் கேட்டார்: "யாருக்கு ஆபரேஷன்?"

தியேட்டரில் உள்ளே போன பஞ்சை எண்ணுவோம், வெளியே வந்ததையும் எண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் தட்டில் அடுக்கிய துண்டுகளையும் எண்ணினேன். உள்ளே போனது நாற்பத்திரண்டு, வெளியே வந்தது நாற்பத்தொன்று. மெஷினைக் கழற்றித் தேடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "சும்மா ஒண்ணு வாயில போட்டுப் பார்த்தேன். உப்பே இல்ல."

மனுஷன் தின்றார், நாய் தின்னவில்லை. இடுக்கியில் பிடித்து நீட்டினேன். இடுக்கியைப் பார்த்தது, என் உறையைப் பார்த்தது, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அடுத்த தடவை ஈரல். அந்த நாற்றத்தில் மாடி வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டதுதான் மிச்சம். மூன்றாவதாகச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு. முதலாளி கொட்டாவி விட்டது.

சனிக்கிழமை எடை பதினாறு கிலோ நூறு கிராம்.

"நாளைக்குக் காலைல பஸ் ஏறிடறேன்," என்றார் நாத்தனார். பரீட்சைக்குப் பத்து நாள்தான் பாக்கி.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறுங்க அண்ணி. ஒரே ஒரு நாள்," என்று கெஞ்சினேன். இதற்கு முன்பு நான் அவரிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மறுபடியும் ஈரல் போட்டேன். சாயங்காலம் தட்டை வெளியே இழுத்தேன். காய்ந்துவிட்டதா என்று ஒடித்துப் பார்க்க வேண்டும். பட்டென்று ஒடிந்தால் சரி, வளைந்தால் உள்ளே ஈரம். உறை போட்ட விரலுக்கு அது பிடிபடவே இல்லை. சலித்துப்போய் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் விரலால் ஒவ்வொன்றாக ஒடித்தேன். கை முழுக்க ஈரல் தூள்.

காலடியில் ஏதோ உரசியது. முதலாளி! என் விரலை மோந்தது, நக்கியது, ஒடித்த துண்டைப் பூப்போல வாங்கி நறுக்நறுக்கென்று மென்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்க் கையைக் கழுவி, சானிடைசர் தேய்த்து, புது உறை மாட்டி, இரண்டாவது துண்டை இடுக்கியில் கொண்டுவந்தேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அலமாரிக்கு அடியிலேயே போய்ப் படுத்துக்கொண்டது.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் சிரித்தார். "கழட்டும்மா அதை. உன் கைல எப்பவும் ஆஸ்பத்திரி வாசனை. சில நாள் நீ சாப்பாடு வைக்கும்போது, ஊசி போட வர்றியோன்னு எனக்கே பயமா இருக்கும்."

உறையைக் கழற்றினேன். சானிடைசர் வாடை போகத் தேய்த்துக் கழுவி, கையை ஈரல் தூளில் புரட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதலாளி பதினோரு துண்டு தின்றது. அதன் எச்சில் என் மணிக்கட்டு வரை வழிந்தது.

அப்போதுதான் வாசலில் இருக்கும் சானிடைசர் பாட்டிலைப் பார்த்தேன். கல்யாணமாகி ஐந்து வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. நாத்தனார் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால், வாங்க என்று சொல்வதற்கு முன்பே அவர் உள்ளங்கையில் இரண்டு அழுத்து அழுத்துவேன். அவரும் தேய்த்துக்கொள்வார். தம்பியிடம் வாசலிலேயே நாலு வார்த்தை பேசிவிட்டு, "வண்டி நிக்குது, வரேன்," என்று போய்விடுவார். ஐந்து வருஷத்தில் ஒரு வாய் காபி குடித்ததில்லை. திமிர் என்று நினைத்திருந்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை எடை பதினாறு கிலோ நானூறு கிராம். போன் போட்டேன்.

"என்ன பண்ணின?"

"கையால குடுத்தேன், அண்ணி."

"வெறுங்கையாலயா?"

"வெறுங்கையாலதான்."

"நீயா?" என்றார். அப்புறம் வெகுநேரம் சிரித்தார்.

அடுத்த வாரம் பரீட்சையில் தேறி, பயிற்சியும் முடித்து, கிரேன் லைசென்ஸோடு வந்தார். முதலாளி அவர்மேல் தாவி, முகத்தை நக்கி, தெருவையே கூட்டிவிட்டது. எல்லாம் அடங்கியதும் வாசற்படியில் நின்று, எப்போதும் போல இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினார். ரேகை தெரியாமல் கிரீஸ் கருப்பு.

பாட்டில் அங்கே இல்லை. அந்த இடத்தில் தின்பண்ட ஜாடி இருந்தது. ஒரு துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை என் கைக்குள் மூடிக்கொண்டேன்.

"உள்ள வாங்க அண்ணி. காபி போடறேன்."

"வண்டி நிக்குது," என்றார், பழக்கதோஷத்தில். பிறகு என் விரல்களில் ஒட்டிக்கொண்ட கிரீஸைப் பார்த்தார்.

"நிக்கட்டும்," என்று செருப்பைக் கழற்றினார்.