காலியாகத் திரும்பிய டப்பா

"நீ கொஞ்சம் இறங்கிக்கிறியாம்மா?"

ஓட்டல் லிஃப்டில் ஒருவர் அவளிடம் கேட்ட கேள்வி இது. கேட்டவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கழுத்தில் டை, கையில் பெட்டி, முகத்தில் சிரிப்பு. லிஃப்ட் பாரம் தாங்காமல் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கடைசியாக ஏறியவர் அவர்தான், அவரும் அவருடைய பெட்டியும். ஆனாலும் சத்தம் கேட்டதும் உள்ளே இருந்த அத்தனை கண்களும் அவள் பக்கம்தான் திரும்பின. வெளுத்து மடித்த விரிப்புகளை மார்போடு அணைத்தபடி அவள் இறங்கிக்கொண்டாள். கதவு மூடியது. லிஃப்ட் சமர்த்தாக மேலே போய்விட்டது.

அவள் வேலை செய்யும் ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பந்து என்று பேர். பேர் வைத்தவர் அங்கே துணி தேய்க்கிற இஸ்திரி அண்ணன். அவர் வைத்த பேரில் விஷம் இருக்காது, அவள் கோபித்துக்கொண்டதும் இல்லை. லிஃப்டில் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே கேட்டதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாளிலிருந்து காலையில் பால் இல்லாத காப்பி. மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய். வேறு ஒன்றும் கிடையாது.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பா குழாய் வேலை செய்கிறவர். அடைத்துக்கொண்ட சாக்கடை, ஒழுகும் குழாய் என்று ஊரார் வீட்டுக் குளியலறைகளில் பாதி நாளைக் குனிந்தே கழிப்பவர். அம்மா போன பிறகு சமையலும் அவர் தலையில் விழுந்தது. விடியற்காலையில் எழுந்து மகளுக்குச் சோறு, காய், அவித்த முட்டை என்று டப்பா கட்டிவிட்டுத்தான் கருவிப் பையைத் தோளில் மாட்டுவார். அந்த டப்பாவை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோய் இஸ்திரி அண்ணனிடம் கொடுத்துவிடுவாள்.

"உனக்கு வேணாமா?"

"வயிறு சரியில்லண்ணே."

"உன் வயிறு நாசமாப் போக. நாளைக்கும் சரியில்லாம இருக்கட்டும்" என்பார் அவர், முட்டையை முதலில் எடுத்துக்கொண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அப்பா திரும்புவதற்குள் ஒரு தட்டை நனைத்துக் கவிழ்த்து வைத்துவிடுவாள். "நான் சாப்பிட்டாச்சுப்பா." ஈரத் தட்டு சாட்சி சொல்லும். காலி டப்பாவும் சாட்சி சொல்லும்.

உடம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. மாவு மூட்டையில் ஓட்டை விழுந்தது போல எடை இறங்கியது. பாவாடை நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினாள். ஓட்டல் லிஃப்ட் அவளைப் பார்த்துக் கத்துவதை நிறுத்திக்கொண்டது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்து அவளோடு மடிக்கிற சித்தி, எல்லோருக்கும் அவர் சித்திதான், இடுப்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "என்னடி, பந்துல யாரு காத்தைப் புடுங்கினது?" என்றார். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

முடி கொட்ட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் சீப்பில் வந்தது. சீப்பில் முடி வராத பெண் யார் என்று விட்டுவிட்டாள். பிறகு தலையணையில். பிறகு தலைக்கு ஊற்றும்போது விரல்களுக்கிடையில், வலியே இல்லாமல், காத்துக்கொண்டிருந்தது போலக் கொத்தாகக் கையோடு வந்தது. அந்த வலி இல்லாததுதான் அவளைப் பயமுறுத்தியது. பிடுங்கினால் வலிக்க வேண்டும். வலிக்காமல் கழன்று வருவது தன்னுடையது இல்லை என்று தோன்றியது.

கண்ணாடியில் பார்த்தாள். வகிடு அகன்றிருந்தது. விளக்கின் கீழே நின்றால் உச்சித் தோல் பளபளத்தது.

அம்மாவின் தலையும் அப்படித்தான் இருந்தது.

அம்மா நோயில் விழுந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என்ன நோய் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். அவள் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: அம்மா இளைத்தாள். அம்மாவுக்கு முடி கொட்டியது. அம்மா போய்விட்டாள். அந்த வரிசை அவள் மனதில் அப்படியே உறைந்து கிடந்தது. இப்போது அந்த வரிசையில் இரண்டு படி அவளும் இறங்கிவிட்டாள்.

நான்தானே சாப்பிடாமல் இளைத்தேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்ன உடனே இன்னொரு குரல் கேட்டது. எத்தனை பேர் பட்டினி கிடக்கிறார்கள், இவ்வளவு சுலபமாகவா இளைக்கிறார்கள்? உன் பட்டினி ஒரு சாக்கு. உள்ளே இருந்து எதுவோ தின்றுகொண்டிருக்கிறது. அந்தக் குரல் வந்த நாளிலிருந்து யாராவது "நல்லா இளைச்சுட்டியே" என்று பாராட்டினால் அவள் கை தானாக உச்சந்தலைக்குப் போகும். பயத்தில் இப்போது சாப்பிட நினைத்தாலும் சோறு இறங்கவில்லை.

சலவைக்கூடத்தில் மறைப்பது கஷ்டம். அங்கே எல்லாம் வெள்ளை. மடிப்பதற்கு முன்னால் விரிப்பை இருவரும் உதறி, குழல் விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு முடி தெரிந்தாலும் விரிப்பு திரும்ப இயந்திரத்துக்குள் போகும். துணித் தொப்பியை அவள் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்படியும் ஒரு நாள் சித்தி விரிப்பின் நடுவிலிருந்து நீளமாக ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் ஆட்டினார்.

"இது யாருடி வாலு? எனக்கு நரைச்சது, இவனுக்கு வழுக்கை."

"வழுக்கைன்னு சொல்லாத சித்தி, அகலமான நெத்தின்னு சொல்லு" என்றார் இஸ்திரி அண்ணன். அவர் சட்டைப் பொத்தான் வயிற்றுக்கு மேலே தெறித்துவிடும் போலிருந்தது. அப்பாவின் சமையல் அங்கேதான் சேர்ந்திருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் அடுத்த விரிப்பின் முனையை எடுத்தாள்.

வீட்டில் உதிர்ந்த முடியைப் பொறுக்கி, காகிதத்தில் சுருட்டி, வேலைக்குப் போகிற வழியில் குப்பைத்தொட்டியில் போட்டாள். அப்பா கண்ணில் படக் கூடாது. அம்மாவின் முடியைப் பார்த்தவர் அவர். இதையும் பார்த்தால் தாங்கமாட்டார்.

அப்பாவும் இப்போதெல்லாம் ஒரு தினுசாக இருந்தார். இரண்டடுக்கு டப்பா மூன்றடுக்கு ஆனது. முட்டை ஒன்று இரண்டானது. சாயங்காலம் வந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் டப்பாவைத் திறந்து பார்ப்பார். காலியாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார்.

"எல்லாத்தையும் சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா."

"ம்" என்பார். சந்தோஷப்பட்ட முகமாக இருக்காது. பொய்யை மோப்பம் பிடித்துவிட்டாரோ என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

குளியலறைத் தண்ணீர் கடைசியில் காட்டிக்கொடுத்தது. அன்று அவள் குளித்து முடித்தும் தண்ணீர் இறங்கவில்லை. கணுக்கால் வரை நின்றது. விளக்குமாற்றுக் குச்சியால் குத்தினாள், வெந்நீர் ஊற்றினாள், விரலை விட்டு நோண்டினாள். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"தண்ணி நிக்குதா? நகரு."

"வேணாம்பா, நானே பாத்துக்கறேன். நீங்க இப்பத்தானே வேலையிலேர்ந்து வந்தீங்க."

"எனக்கே குழாய் வேலை சொல்லித் தர்றியா? தள்ளு."

அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினார். பையிலிருந்து கம்பிச் சுருளை எடுத்து ஓட்டைக்குள் விட்டார். பாதி தூரம் போனதுமே கை நின்றது. ஊரார் வீட்டு அடைப்புகளை எடுத்து எடுத்துப் பழகிய கை அது. உள்ளே இருப்பது என்ன என்று கம்பியே சொல்லியிருக்கும். மெதுவாக இழுத்தார். கறுப்பாக, சோப்பு நுரையோடு, கயிறு போல வந்தது. வந்துகொண்டே இருந்தது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா அதைத் தரையில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குந்தியபடியே இருந்தார். தண்ணீர் களக் களக்கென்று இறங்கி முடிந்தது. அவர் நிமிர்ந்து அவள் தலையைப் பார்த்தார். அகன்ற வகிட்டைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"கிளம்பு" என்றார். "டாக்டர்கிட்ட போறோம்."

"நாளைக்குப் போலாம்பா."

"கிளம்புன்னு சொன்னேன்ல."

ஈரத் தலையோடு கிளம்பினாள். அப்பா கருவிப் பையைக் கழற்றிவைக்கக்கூட மறந்து, தோளில் மாட்டியபடியே நடந்தார். அவளுக்குக் காலுக்குக் கீழே தெரு இருப்பதே தெரியவில்லை. டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிடுவாரா, இல்லை அம்மா விஷயத்தில் செய்தது போல அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் மட்டும் சொல்வாரா?

டாக்டரம்மா அவளை எடை பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், முடியை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். விரலோடு கொஞ்சம் வந்தது.

"கொஞ்ச மாசத்துல ரொம்ப இளைச்சிருக்கீங்களோ?"

"பாதி ஆளாயிட்டா டாக்டர்" என்றார் அப்பா.

"சாப்பாடு எப்படி?"

"அதான் டாக்டர் எனக்குப் புரியல. மூணடுக்கு டப்பா கட்டிக் கொடுக்கறேன். ஒரு பருக்கை மிச்சம் வராது. ராத்திரியும் சாப்பிடறா. சாப்பிடச் சாப்பிட இளைக்கிறா."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இவ்வளவு சாப்பிட்டுமா?"

"இவ அம்மாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது." அப்பாவின் குரல் உடைந்தது. "அவளும் எல்லாரையும் மாதிரி சாப்பிட்டா, இளைச்சுக்கிட்டே போனா. முடி அப்புறம்தான், மருந்து ஏத்தினப்பதான் போச்சு. இவளுக்கு மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே போகுது டாக்டர். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு உசுரே இல்ல. ஒரு நாளாவது மிச்சம் வைக்கமாட்டாளான்னு பாத்தேன்."

அவள் நிமிர்ந்தாள். அம்மாவின் முடியைக் கொண்டுபோனது மருந்து. இத்தனை வருஷத்தில் இதை இன்றைக்குத்தான் கேட்கிறாள். அப்பா காலி டப்பாவோடு ஏன் நின்றார் என்பதும் இன்றைக்குத்தான் புரிகிறது. அவர் முழங்காலில் வைத்திருந்த கை, விரல் விரலாக ஆடிக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் இன்னும் சோப்பு அழுக்கு.

"சாப்பிட்டும் இளைக்குதுன்னா நிறைய பரிசோதனை பண்ணணும்" என்று டாக்டரம்மா காகிதத்தை இழுத்தார். "ஸ்கேன்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

ஸ்கேன் என்றதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவரைப் பார்த்தாள். சொன்னால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் அந்தக் கை ஆடுவது நிற்காது.

"நான் சாப்பிடலப்பா."

"என்னது?"

"டப்பாவை நான் தொடவே இல்ல. இஸ்திரி அண்ணனுக்குக் கொடுத்துட்டேன். தினமும்."

"ராத்திரி? தட்டு ஈரமா இருக்குமே?"

"சும்மா நனைச்சு வைப்பேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? திடீர்னு பட்டினி போட்டா உடம்பு முடியைத்தான் முதல்ல கைவிடும். அன்னிக்கே தெரியாது, ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொட்டும். ஒழுங்கா சாப்பிட ஆரம்பிச்சா பெரும்பாலும் திரும்ப வளந்துடும், கொஞ்சம் பொறுமை வேணும். எதுக்கும் ரத்தம் பாத்துடலாம், இரும்புச்சத்து, தைராய்டு. இப்போதைக்கு நீங்க நினைச்சுப் பயந்த மாதிரி எனக்குத் தோணல."

அவளுக்கு முதுகெலும்பிலிருந்து எதுவோ இறங்கிப் போனது போல இருந்தது. அப்பா பக்கம் திரும்பினாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவர் கை ஆடுவது நின்றிருந்தது. "விடியக்காலம் எழுந்து கட்டின டப்பா" என்றார் சுவரைப் பார்த்து. பிறகு கருவிப் பையைத் தோளிலிருந்து கழற்றி, நாற்காலிக்கு அடியில், அவள் காலடியில் வைத்தார். எழுந்தார்.

"அப்பா."

திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.